பைத்தியமா, ஜின்னா, பாவமா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

(நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.)



சில நாட்களுக்கு முன் ஒரு உம்மா என்னிடம் கேட்டார்: "சேர், எங்கட புள்ளைக்கு இருக்கிறது பைத்தியமா, ஜின்னா? அங்கொடைக்குக் கொண்டு போறதா, இல்லாட்டி ஓதிப் பார்க்கிறதா?" ஆண் பிள்ளையாக வளர்ந்த பிள்ளை, தான் உள்ளுக்குள் பெண் என்று வீட்டில் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு வாப்பா பேச்சை நிறுத்திவிட்டார். பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. யார், எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். வைத்தியனும் அல்ல, மவ்லவியும் அல்ல. ஆனால் அந்த உம்மாவின் கேள்விக்குள் மூன்று வெவ்வேறு காலங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பார்ப்பது என் தொழிலுக்குள் வரும் வேலை.

முதலில் நம் கிதாபுகள். ஷாபிஈ மத்ஹபில் வாழ்கிற நமக்கு இமாம் நவவி புதியவர் அல்ல. அவர் ஹிஜ்ரி 676இல், அதாவது 1277இல் வபாத்தானார். அவருடைய ‘அல்மஜ்மூஃ’ கிதாபில் ‘குன்ஸா’ பற்றிய சட்டங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. குன்ஸா என்றால் உடலமைப்பால் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்க முடியாதவர். ஜமாஅத் தொழுகையில் இவர் எங்கே நிற்பது? ஆண்கள், பிறகு சிறுவர்கள், பிறகு குன்ஸா, பிறகு பெண்கள். வாரிசுச் சொத்தில் என்ன பங்கு? நிச்சயமான பங்கைக் கொடுத்துவிட்டு, சந்தேகமான பகுதியை விஷயம் தெளிவாகும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். ஜனாஸாவை யார் குளிப்பாட்டுவது என்பதுவரை பேசியிருக்கிறார்கள். கவனியுங்கள், ‘இவரை என்ன செய்வது, எங்கே துரத்துவது’ என்று எங்கும் கேட்கவில்லை. ‘இவர் எங்கே நிற்பார்’ என்றுதான் கேட்டார்கள். ஸஃப்பில் ஒரு இடம் இருந்தது.

ஆனால் இங்கே நாணயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குன்ஸா உடல் சம்பந்தப்பட்ட விடயம். உடலில் எந்தக் குழப்பமும் இல்லாமல், உள்ளத்தால் தன்னை மறு பாலாக உணர்கிறவர்களைத்தான் இன்று நாம் திருநங்கை, திருநம்பி என்கிறோம். இரண்டும் ஒன்று என்று சொல்லி வாதத்தை இலகுவாக வெல்ல எனக்கு விருப்பமில்லை. பெண்களைப் போல் நடிக்கும் ஆண்களையும், ஆண்களைப் போல் நடிக்கும் பெண்களையும் கண்டிக்கும் ஹதீஸ் இருக்கிறது, அது புகாரியில் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அதே ஹதீஸ்களுக்கு விளக்கம் எழுதியபோது இமாம் நவவியும், அவருக்குப் பின் இப்னு ஹஜர் அஸ்கலானியும் ஒரு கோடு கீறினார்கள். வேண்டுமென்று நடிப்பவர் ஒருவர். படைப்பிலேயே நடையும் பேச்சும் குணமும் அப்படி அமைந்தவர் இன்னொருவர். இரண்டாமவர் மீது அதற்காகக் குற்றமும் இல்லை, பாவமும் இல்லை என்று நவவி எழுதினார். எழுநூறு வருடத்துக்கு மேல் பழைய வித்தியாசம் இது. நம் சந்திகளில் ‘ஒன்பது’ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறவர்கள் அந்தக் கோட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

இனி மனநோய் என்ற பகுதி. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அப்பாஸிய காலம் படிப்பிக்கும்போது, அர்ராஸியையும் இப்னு ஸீனாவையும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அபூ ஸைத் அல்பல்கீயை யாரும் சொல்வதில்லை. 934இல் இறந்தவர். உடலின் நலம், உள்ளத்தின் நலம் என இரண்டு பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். வைத்தியர்கள் உடலை மட்டும் பார்க்கிறார்கள், உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் குறை. கவலையை இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாத கவலை. காரணம் தெரியாதது உடலிலிருந்து வருகிறது, அதற்கு மருந்து. காரணம் தெரிந்ததற்கு, அதாவது இழப்பாலும் அவமானத்தாலும் வருவதற்கு, பேச்சும் ஆறுதலும் துணையும்தான் சிகிச்சை. இதில் ஜின் எங்கே இருக்கிறது? நான் ஜின்னை மறுக்கவில்லை, அது என் ஈமானில் உள்ளது. ஆனால் ஜின்னை நம்பிய அதே சமுதாயம்தான் 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனின் பெரிய வைத்தியசாலையைக் கட்டி, அதில் மன நோயாளர்களுக்குத் தனிப் பகுதியும் வைத்தது. அடித்து விரட்டும் ‘வைத்தியம்’ நம் பாரம்பரியம் என்று யாராவது சொன்னால், எந்தப் பாரம்பரியம் என்று கேளுங்கள்.

அப்படியென்றால் இப்போது நாம் காணும் வெறுப்பும் பொலிஸ் பயமும் எங்கிருந்து வந்தன? எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் போடுவது நம் ஆட்களுக்குப் பிடித்த வேலை. முழுக்க அப்படி இல்லை, கேலி நமக்குள்ளேயே எப்போதும் இருந்தது. ஆனால் கேலியைச் சட்டமாக்கியது அவன்தான். 1871இல் பிரித்தானிய இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அதன் இரண்டாம் பகுதி முழுக்க ‘ஹிஜ்ரா’ சமூகத்தைக் குறிவைத்தது. பெயர்களைப் பதிவேட்டில் எழுதினார்கள். பொது இடத்தில் பெண்ணுடையில் நின்றால், ஆடினால் தண்டனை. பதினாறு வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளை அவர்கள் வீட்டில் இருந்தால் தண்டனை. மரண சாசனம் எழுதவோ, தத்தெடுக்கவோ, பாதுகாவலராகவோ முடியாது. முகலாயர் காலத்தில் அரண்மனை வாசலில் பதவி வகித்தவர்களின் வழிவந்தோர், ஒரு கையெழுத்தில் பிறவிச் சந்தேக நபர்களானார்கள்.

அந்தச் சட்டம் இலங்கைக்கு வரவில்லை. இங்கே வேறு இரண்டு வந்தன. 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் ஒன்று. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை மற்றது. அதன் 365, 365ஏ பிரிவுகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 399ஆம் பிரிவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது. ‘நீ ஆண், பெண்ணுடை போட்டு ஏமாற்றுகிறாய்’ என்று திருநங்கைகள் மீது பொலிஸார் அதைக் காட்டி மிரட்டுவதுண்டு. 2016இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ‘ஐந்து விரல்களும் ஒன்றல்ல’ என்ற பெயரில் இலங்கை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது, அதில் இவை விபரமாக உள்ளன. இவற்றோடு 1873இன் மனநோய்க் கட்டளைச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தங்களோடு இன்னமும் அதுதான் நம் சட்டம். ஆளைப் பூட்டி வைப்பதற்காக எழுதப்பட்ட சட்டம் அது. அங்கொடை என்ற சொல்லை நாம் இன்றும் திட்டுவதற்குத்தானே பாவிக்கிறோம்? வைத்தியசாலையின் பெயர் தேசிய மனநல நிறுவகம் என்று மாறி எவ்வளவோ காலம். நம் வாய் மாறவில்லை.

உலக வைத்தியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1919இல் பெர்லினில் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற வைத்தியர் பாலியல் ஆய்வுக்கென ஒரு நிறுவகம் திறந்தார். 1933 மே மாதம் நாஸிகள் அதன் நூலகத்தைத் தெருவில் போட்டு எரித்தார்கள். 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைநூல் இதை ஒரு கோளாறாகப் பட்டியலிட்டது. 2013இல் அதே கைநூல் ‘கோளாறு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த முரண்பாட்டால் வரும் வேதனையைத்தான் சிகிச்சைக்குரியது என்றது. 2019இல் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பகுப்பு ஐசிடி 11, இதை மனநோய் அத்தியாயத்திலிருந்தே வெளியே எடுத்துவிட்டது. ஆக ‘பைத்தியமா’ என்ற கேள்விக்கு இன்றைய வைத்தியத்தின் பதில்: இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை படும் வேதனை உண்மை, அதற்கு உதவி தேவை.

இனி கெய்ரோ. நான் வாசித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தச் சம்பவம்தான்.

1982இல் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் வைத்திய மாணவர் ஒருவர், ஸையித் அப்துல்லாஹ், பத்தொன்பது வயது, கடும் மனச்சோர்வுடன் ஓர் உளவியலாளரிடம் போகிறார். கவனியுங்கள், ‘என்னைப் பெண்ணாக்குங்கள்’ என்று போகவில்லை. வாழ முடியவில்லை என்று போனார். அந்த உளவியலாளர் ஏறக்குறைய மூன்று வருடம் அவரை ஆணாகவே நிலைநிறுத்த முயன்றார். முடியவில்லை. பிறகுதான் சத்திர சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். அவரும் உடனே கத்தியை எடுக்கவில்லை. இன்னொரு உளநிபுணரின் கருத்தைக் கேட்டார், ஹோர்மோன் கொடுத்தார், ஒரு வருடமளவில் பெண்ணாக வாழ்ந்து பார்க்கச் சொன்னார். 1988 ஜனவரியில் சத்திர சிகிச்சை நடந்தது. ஸையித் ஸாலி ஆனார்.

அல்அஸ்ஹர் அவரை ஆண்கள் பீடத்தில் பரீட்சை எழுத விடவில்லை. பெண்கள் பீடத்திலும் சேர்க்கவில்லை. பத்திரிகைகள் கொதித்தன. வைத்தியர் சங்கம் வைத்தியர்களை விசாரணைக்கு அழைத்தது, பிறகு முஃப்திக்குக் கடிதம் எழுதியது. அன்று எகிப்தின் முஃப்தி ஷெய்க் முஹம்மத் ஸையித் தந்தாவி, பின்னாளில் அல்அஸ்ஹரின் ஷெய்க்காக வந்தவர். 1988 ஜூன் மாதம் அவர் ஃபத்வா கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: வெறும் ஆசைக்காகப் பாலை மாற்றுவது கூடாது, ஆனால் மறைந்திருக்கும் ஒன்றை வெளிப்படுத்தும் சிகிச்சையாக, நம்பிக்கையான வைத்தியர் அவசியம் என்று சொன்னால் அது ஆகும். ஸாலியின் விடயம் இரண்டில் எது? அதை ஃபத்வா நேராகச் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் ‘எங்களுக்குத்தான் ஃபத்வா’ என்றார்கள். விடயம் சட்டத்துறையிடம் போனது. சத்திர சிகிச்சை வைத்திய விதிகளின்படிதான் நடந்தது என்று அந்த வருட இறுதியில் முடிவானது. 1989இல் அவருக்குப் பெண் என்ற பத்திரம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தோடு வழக்கு அதற்குப் பிறகும் பல வருடம் இழுபட்டது.

இதில் எனக்குப் படுவது ஒன்று. அத்தனை பேர், முஃப்தி, சங்கம், பத்திரிகை, நீதித்துறை, எல்லோரும் சத்திர சிகிச்சையைப் பற்றியே வாதாடினார்கள். 1982இல் அந்தப் பத்தொன்பது வயது மாணவர் எதற்காகக் கதவைத் தட்டினாரோ, அந்த மனச்சோர்வைப் பற்றி யாரும் வாதாடவில்லை. அதில் கருத்து வேறுபாடே இருக்கவில்லை. உளவியலாளரிடம் போனது ஹராம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் ஊரில் நாம் நேர்மாறாகச் செய்கிறோம். யாரும் கேட்காத சத்திர சிகிச்சையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு, பக்கத்து அறையில் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளையை விட்டுவிடுகிறோம்.

மற்ற நாடுகளைச் சொல்லாமல் விட்டால் ஒருபக்கக் கதையாகிவிடும். 1989இல் மக்காவின் பிக்ஹு சபை, உடலமைப்பில் முழுமையான ஆணோ பெண்ணோ பால் மாறுவது கூடாது, உடல் தெளிவற்றவருக்கு மட்டுமே சிகிச்சை ஆகும் என்று முடிவெடுத்தது. நம் உலமாக்களில் பெரும்பாலோர் நிற்பது இந்த இடத்தில்தான். ஈரான் ஷீஆ நாடு, அங்கே பாதை வேறு. மர்யம் காத்தூன் மொல்காரா என்பவர் புரட்சிக்கு முன்பிருந்தே ஆயத்துல்லாஹ் கொமெய்னிக்குக் கடிதம் எழுதி வந்தவர். புரட்சிக்குப் பின் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, பலவந்தமாக ஆண் ஹோர்மோன் ஏற்றப்பட்டு, மனநோய் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். 1980களின் நடுவில் ஆணுடையில், கையில் குர்ஆனோடு கொமெய்னியின் வீட்டு வாசலுக்கே போய்க் காவலர்களிடம் அடி வாங்கினார். அன்று அவருக்கு அனுமதி ஃபத்வா கிடைத்தது. அதனால் எல்லாம் நன்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சத்திர சிகிச்சை வேண்டாதவர்களையும் அதற்குத் தள்ளும் நிலை அங்கே பிறகு உருவானது. பாகிஸ்தான் 2018இல் உரிமைச் சட்டம் இயற்றியது, 2023இல் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை மார்க்கத்துக்கு முரண் என்றது. டாக்காவில் 2020இல் மவ்லவிமார் சிலர் இவர்களுக்கென்றே ஒரு மத்ரஸா திறந்தார்கள். குர்ஆன் ஓத ஆசைப்பட்டு, எந்த மத்ரஸாவிலும் இடம் கிடைக்காதவர்களுக்காக.

நம் நாட்டுக்கு வருவோம். நம்மில் பலருக்கு மறந்துபோன ஒன்று: 1998 வரை இலங்கையில் தற்கொலைக்கு முயல்வதே குற்றம். நஞ்சு குடித்துப் பிழைத்தவர் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும்போது பொலிஸ் வந்து வாக்குமூலம் எடுக்கும். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை வீதம் கூடிய நாடுகளின் முன்வரிசையில் நாம் இருந்தோம். அந்தச் சட்டத்தை எடுத்தார்கள், கொடிய பூச்சிநாசினிகளைத் தடை செய்தார்கள், வீதம் இறங்கியது. தற்கொலை மார்க்கத்தில் ஹராம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதற்காக, பிழைத்தவரைப் பொலிஸில் கொடுங்கள் என்று இன்று எந்தப் பள்ளிவாசலிலும் யாரும் சொல்வதில்லை.

வேதனை எப்படி உண்டாகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் ‘சிறுபான்மை அழுத்தம்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நமக்கு அதை விளங்கப்படுத்த வெளிநாட்டு ஆய்வு தேவையில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் ஏறும்போது திரும்பிய கண்கள் நினைவிருக்கிறதா? அபாயாவோடு கந்தோருக்குப் போன நம் ஆசிரியைகள் பட்டது? 2020இல் ஜனாஸாக்களை எரித்தபோது, நோயை விட ‘என் மையித்தையும் எரிப்பார்களோ’ என்ற பயத்தில் நம் முதியவர்கள் நித்திரை இல்லாமல் கிடந்தது? நாம் யாரும் பைத்தியமாகவில்லை. ஆனால் உடல் நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, ஆட்கள் கூடும் இடத்தைத் தவிர்த்தோம். அது நோய் அல்ல, ஒதுக்கலின் விளைவு.

ஒரு வித்தியாசம் உண்டு. நாம் பஸ்ஸில் பட்டதை வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னோம். வீடு நம்மைத் தாங்கியது. இந்தப் பிள்ளைக்கு ரோட்டில் நடப்பதேதான் வீட்டிலும் நடக்கிறது, பாடசாலையிலும் நடக்கிறது, பள்ளிவாசலிலும் நடக்கிறது. போய்ச் சொல்ல ஓர் இடமில்லை.

2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலையீடும் அதன் பின்னால் இருந்தது. அதன்படி மனநல வைத்திய நிபுணர் ஒருவர் ஆளைப் பரிசோதித்து, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்தலாம், பிறகு அடையாள அட்டையை எடுக்கலாம். அதற்கு முன் முகம் ஒன்று, அட்டை இன்னொன்று என்று எத்தனை பேர் சோதனைச் சாவடிகளிலும் வங்கிகளிலும் திணறியிருப்பார்கள். இதிலும் ஒரு முரண் இருக்கிறது: மனநோய் அல்ல என்கிறோம், ஆனால் சான்றிதழ் மனநல வைத்தியரிடமிருந்துதான் வர வேண்டும். அந்த நிபுணர்கள் பெரிய வைத்தியசாலைகளில்தான் இருக்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று, கிளினிக் வரிசையில் ஊர் ஆட்கள் பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும். 2023இல் 365ஆம் பிரிவைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் மாறவில்லை.

மனநல உதவி என்றால் என்ன நடக்கும் என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. போனவுடனே ‘மாற்றி விடுவார்கள்’ என்று ஒரு பயம். ‘திருத்தித் தருவார்கள்’ என்று சிலருக்கு எதிர்பார்ப்பு. இரண்டும் இல்லை. முதலில் நித்திரை, சாப்பாடு, உயிரைப் போக்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்தோ பேச்சுச் சிகிச்சையோ தருவார்கள். வீட்டாரோடு பேசுவார்கள். மற்றது எல்லாம் பிறகு, ஆறுதலாக, அந்தப் பிள்ளையின் வயதையும் விருப்பத்தையும் பார்த்து. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 129 இளையோரைப் பார்த்தது. அவர்கள் விரும்பும் பெயரால் வீட்டிலோ பாடசாலையிலோ வேலையிடத்திலோ கூப்பிடப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைந்திருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட ஃபத்வா ஒன்றும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆலிம்கள் மாற்றுக் கருத்துச் சொன்னால் கேட்கத் தயார். ஆனால் பட்டப்பெயர் சூட்டிக் கூப்பிடுவது கூடாது என்பதில் எந்த ஆலிமுக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஓதிப் பார்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். உம்மா தன் பிள்ளையின் தலையில் கை வைத்து ஓதுவதை யார் தடுக்கப் போகிறார்? ஓதுங்கள். பிள்ளைக்கு அது பிடித்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அறையைப் பூட்டி, பிரம்பெடுத்து, காசு வாங்கிக்கொண்டு ‘இறக்குகிறேன்’ என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

தேவைப்படுகிறவர்களுக்கு: தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவி எண் 1926. 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது, பெயர் சொல்லாமலே பேசலாம். பிள்ளை உயிரைப் பற்றி ஏதாவது சொன்னால் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கு அன்றே கூட்டிப் போங்கள். கிளினிக் வரிசையில் உட்காரப் பயமென்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், வேறு ஊர் வைத்தியசாலை ஒன்றுக்குக் கூட வருகிறேன்.

கருத்திடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்க்க ரீதியாக மறுப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், கிதாபின் பெயரோடு எழுதினால் நானும் படிக்கலாம். ஆனால் யாருடைய பெயரையும், வீட்டையும், ஊரையும் ஊகித்து எழுத வேண்டாம், படம் போட வேண்டாம். அப்படி வரும் கருத்துகளை அழித்துவிடுவேன்.